எட்டுக் கைக்கு எத்தனை அடி தொட்டி?

வீட்டுத் தொட்டியில் ஆக்டோபஸ் வளர்க்கும் வீடியோக்கள் செல்போன் செல்போனாகச் சுற்றுகின்றன. கடற்கரையே இல்லாத விருதுநகர் மாவட்டத்தில், வெயிலும் வெடிச் சத்தமும் லாரித் தண்ணீருமாக வாழும் சிவகாசி வட்டாரத்தில், அந்த ஆசை எங்கே போய் முடியும்?

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகம். இரவு மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையணைந்து, பிளாஸ்டிக் கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. நகரை, ஊளி, இறால், கணவாய் என்று ரகம் பிரிக்கிற அவசரம். யாரும் பார்க்காத ஓரத்தில் இருந்த ஒரு கூடையின் விளிம்புக்கு மேலே, சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு கை நீண்டது. நுனி மட்டும் விளிம்பைத் தடவிப் பார்த்தது. கொஞ்சம் நின்றது. பிறகு இன்னொரு கை, அதன்பின் மூன்றாவது. அடுத்த நொடி தலையும் உடலும் மாவு வழிவதுபோல் வழிந்து ஈரத் தரையில் இறங்கிவிட்டன. கூடைக்குள் செங்காவி நிறத்தில் இருந்தது, சிமெண்டுத் தரையைத் தொட்டதும் சாம்பல் நிறமாகிவிட்டது. எட்டுக் கைகளாலும் தரையைப் பற்றிப் பற்றி, தண்ணீர் இருந்த திசையிலேயே நகர்ந்தது.

“பேய்க்கணவாய்” என்று சொல்லிக்கொண்டே ஒருவர் அதை அள்ளிக் கூடைக்குள் போட்டுவிட்டுப் போனார். அவருக்கு இது தினமும் நடப்பது.

என்னோடு வந்திருந்த அக்கா மகனுக்கு அப்படியில்லை. சிவகாசிப் பையன், பதினொன்றாம் வகுப்பு. வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிறான். கூடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான்: “மாமா, இத நம்ம வீட்டுத் தொட்டில விட்டு வளக்கலாமா?”

இதே கேள்வியை இன்று ஏராளமான பிள்ளைகள் கேட்கிறார்கள். 2020இல் வந்து, அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருது வாங்கிய ‘மை ஆக்டோபஸ் டீச்சர்’ ஆவணப்படம் ஒரு காரணம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு பல் மருத்துவர், தன் மகனின் நெடுநாள் ஆசைக்காக ஓர் ஆக்டோபஸ் வாங்கிக் கொடுத்து, 2024இல் பரவிய கதை இன்னொரு காரணம். ஆண் என்று நினைத்து ‘டெரன்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அது பெண். தொட்டிக்குள்ளேயே முட்டையிட்டு, ஏறக்குறைய 50 குஞ்சுகள் வெளிவந்தன. உலகமே அந்த வீடியோக்களைப் பார்த்தது.

அக்கா மகனுக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைதான் அவனுக்கான பதில்.

நாய் வளர்த்த மண்

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு உயிர் வளர்ப்பதைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இராஜபாளையம் நாய் இந்த மாவட்டத்து ஊரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. சிப்பிப்பாறையும் இங்குள்ள ஊர்தான். கன்னி நாயும் இந்தக் கரிசல் காட்டில் ஓடி வளர்ந்ததே. நாயின் வாலைப் பார்த்து மனதைச் சொல்லிவிடும் ஆட்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு.

மீன் தொட்டியும் புதிதல்ல. கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ், ஃபைட்டர் என்று நன்னீர் மீன்களை வைத்துப் பழகியவர்கள் அடுத்த படியாகக் கடல் மீனுக்குப் போகிறார்கள். அங்கிருந்து ஆக்டோபஸ் ஒரே தாவல்தானே என்று தோன்றும். உண்மையில் அது ஒரு தாவல் அல்ல. நாய்க்கு நம்மைப் பிடிக்கும். மீனுக்கு நாம் இருப்பதே பெரிய விஷயமில்லை. ஆக்டோபஸோ நம்மைக் கவனிக்கிற உயிர்.

அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்தில் ரோலண்ட் ஆண்டர்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே மாதிரிச் சீருடை அணிந்த இரண்டு பேர். ஒருவர் தினமும் இரை கொடுப்பார். மற்றவர் முள் போன்ற குச்சியால் சீண்டுவார். இரண்டு வாரத்துக்குள், தொட்டிக்கு மேலே தெரிகிற முகத்தைப் பார்த்தே ஆக்டோபஸ்கள் ஆளுக்கு ஒரு மாதிரி நடந்துகொண்டன. இரை கொடுப்பவரை நோக்கி வந்தன. சீண்டியவரைப் பார்த்ததும் விலகின. 2010இல் வெளியான ஆய்வு இது. அதற்கு முன்பே, 1999இல், ஆண்டர்சனும் கனடாவின் ஜெனிஃபர் மேதரும் இன்னொன்றைப் பதிவு செய்திருந்தார்கள். தொட்டியில் மிதக்கவிட்ட வெற்று மாத்திரை டப்பாவை, எட்டு ஆக்டோபஸ்களில் இரண்டு, தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளின. நீரோட்டத்தில் டப்பா திரும்பி வந்ததும் மறுபடி தள்ளின. பந்து விளையாடும் பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பச் செய்தன.

விளையாடத் தெரிந்த உயிருக்குச் சலிப்பும் தெரியும் என்றே நான் நினைக்கிறேன். வெறும் கண்ணாடியும் ஒரு பிளாஸ்டிக் செடியும் இருக்கும் தொட்டியில் அதன் பகல் எப்படிக் கழியும்?

பெட்டிச் செய்தி: பேய்க்கணவாய் – உடம்பு ஒரு கணக்கு

மூன்று இதயங்கள். இரண்டு செவுள்களுக்கு ரத்தம் தள்ளும், மூன்றாவது உடல் முழுதுக்கும்.

ரத்தம் நீலம். நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை இதில் தாமிரம் செய்கிறது.

சுமார் 50 கோடி நரம்பணுக்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கிறது. உறிஞ்சிகளால் தொட்டே சுவை அறியும்.

எலும்பு கிடையாது. கிளி அலகு போன்ற வாய் மட்டுமே கெட்டி. அலகு நுழைகிற சந்து கிடைத்தால் முழு உடம்பும் நுழையும்.

பல இனங்களின் ஆயுள் ஒன்று முதல் இரண்டு ஆண்டு. சிறிய இனங்களுக்கு அதைவிடக் குறைவு.

வீட்டில் வளர்த்தவர் யார்?

முடியவே முடியாது என்று சொன்னால் அது பொய். வளர்த்தவர் இருக்கிறார். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் டேவிட் ஷீல் என்ற கடல் உயிரியல் பேராசிரியர், தன் வீட்டு வரவேற்பறையில் ‘ஹைடி’ என்ற ஆக்டோபஸை மகளோடு சேர்ந்து வளர்த்தார். 2019இல் அது ஆவணப்படமாக வந்தது. ஹைடி தூங்கும்போது வெள்ளையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து கருஞ்சிவப்பு என்று நிறம் மாறுகிற காட்சியைப் பார்த்து, ‘கனவு காண்கிறதா?’ என்று உலகம் கேட்டது. ஹைடியின் இனத்துக்கு ‘ஆக்டோபஸ் சயானியா’ என்று பெயர். நமது லட்சத்தீவுப் பாறைகளில் தீவு மக்கள் தேடிப் பிடித்து உண்பதும் அதே இனம்தான்.

ஷீல் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஹைடி வீட்டுக்கு வருவதற்கு முன் அவர் பல்லாண்டுகள் ஆக்டோபஸை ஆராய்ந்தவர். அந்தத் தொட்டியின் பின்னால் ஒரு ஆய்வாளரின் முழு வாழ்க்கை நின்றது. வீடியோவில் அது தெரிவதில்லை.

அப்படி விவரம் தெரிந்தவர்கள் உள்ள இடங்களிலேயே ஆக்டோபஸ் கைமீறிப் போயிருக்கிறது. நியூசிலாந்தின் நேப்பியர் நகரத் தேசிய மீன் காட்சியகத்தில் ‘இங்கி’ என்ற ஆக்டோபஸ், மூடியில் விட்டிருந்த சிறு இடைவெளி வழியே வெளியேறி, தரையைக் கடந்து, கடலுக்குப் போகும் வடிகால் குழாய்க்குள் இறங்கிப் போய்விட்டது. 2016இல் இந்தச் செய்தி வெளியே வந்தது. இங்கிக்குக் குழாயின் மறுமுனையில் கடல் இருந்தது. சிவகாசியில் ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்து இரவில் இறங்கினால் அதற்குக் கிடைப்பது காய்ந்த மொசைக் தரை. காலையில் கதவோரத்தில் ஒட்டிக் கிடப்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊரில்

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நம் வீடுகளில் ‘பெரிய தொட்டி’ என்றால் இதுதான். இதில் சுமார் 190 லிட்டர் கொள்ளும். நடுத்தர அளவு ஆக்டோபஸ் ஒன்றுக்கு, அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் சொல்லும் குறைந்தபட்ச அளவே இந்தக் கணக்கைத் தாண்டுகிறது. ஹைடி இனம் என்றால் கையை விரித்தாலே ஒரு மீட்டருக்கு மேல் வரும்.

கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 190 லிட்டருக்கு ஆறரைக் கிலோவுக்கு மேல். சமையல் உப்பு ஆகாது. கடல் தாதுக்கள் எல்லாம் கலந்த தனி உப்பு வேண்டும். அதைக் கரைக்கிற தண்ணீரும் சுத்திகரித்த நீராக இருக்க வேண்டும். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வீடுகளில் குடிநீர் எப்படி வருகிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். எத்தனை நாளுக்கு ஒருமுறை குழாயில் வரும், குடம் என்ன விலை, லாரி எப்போது வரும் என்பதை வைத்துத்தான் இங்கே பல வீடுகளின் வாரம் நகர்கிறது. ஆக்டோபஸ் இறைச்சி தின்னும் உயிர். கழிவும் அதிகம். வாரம் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் மாதத்துக்கு 150 லிட்டர். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றும். ஆக, ஓர் ஆக்டோபஸுக்காக மாதம் 300 முதல் 450 லிட்டர் சாக்கடைக்குப் போகும். இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு அதைச் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்தது சூடு. மே மாதத்தில் இங்கே வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். தண்ணீர் சூடாக ஆக, அதில் பிராணவாயு குறையும். தாமிர ரத்தம் நம் ரத்தம்போல் திறமையாகப் பிராணவாயுவைச் சுமக்காது. ஆகவே மீன் தாங்குகிற நீரில்கூட ஆக்டோபஸுக்கு மூச்சு முட்டும். குளிர்விக்கும் இயந்திரம் இரவும் பகலும் ஓட வேண்டும். கரண்ட் போனால்?

அக்கா வீட்டில் ஒருமுறை அதைப் பார்த்தேன். கடையில் ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லி விற்ற ஒரு ஜோடி கோமாளி மீன்கள். கோடைகாலம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் நின்றது. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மதியம் இரண்டரைக்கு வந்து பார்த்தபோது இரண்டு மீன்களும் தண்ணீரின் மேல் பக்கவாட்டில் கிடந்தன. ஆரஞ்சு நிறம் வெளிறியிருந்தது. பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆக்டோபஸாக இருந்திருந்தால் அந்த ஐந்தரை மணி நேரத்தை அது தாங்கியிருக்குமா என்பதுகூட ஐயம்தான்.

நீல வெடியும் நீல ரத்தமும்

சிவகாசிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேதியியல் இங்கே குறுக்கே வருகிறது. வாணவெடியில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குத் தாமிரம். வானத்தில் நீலம் பூக்க வைக்கும் அதே தாமிரம்தான் ஆக்டோபஸ் ரத்தத்துக்கும் நீலம் கொடுக்கிறது. ஆனால் ரத்தத்துக்குள் உயிர் கொடுக்கும் தாமிரம், அது வாழும் நீரில் கரைந்தால் உயிரை எடுத்துவிடும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கடையில் கொடுக்கும் மருந்துகள் பலவற்றில் தாமிர உப்பு இருக்கிறது. நம் ஊர் மயில்துத்தம் போல. மீன் பிழைத்துவிடும். தாமிரம் தொட்டியின் கல்லிலும் மணலிலும் தங்கிவிடும். மாதங்கள் கழித்து அதே தொட்டியில் ஆக்டோபஸை விட்டால் காரணமே தெரியாமல் சாகும். பழைய தொட்டியைக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம் என்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

காற்றுப் பம்பு வீட்டுக்குள் இருக்கும் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் விடுகிறது. தீபாவளி இரவில் தெருவே புகையாக நிற்கும்போது அந்தப் பம்பு எதை உறிஞ்சும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சத்தம் இன்னும் பெரிய பிரச்சினை. ஆக்டோபஸுக்கு நம்மைப்போல் காது இல்லை. உடலைச் சமநிலையில் வைக்க ‘ஸ்டேட்டோசிஸ்ட்’ என்ற சிறு பை இருக்கிறது. அதற்குள் இருக்கும் நுண்ணிய உணர்வு மயிர்கள் கனமான, தாழ்ந்த அதிர்வுகளைப் பிடிக்கும். ஸ்பெயினின் பார்சலோனாவில் மிஷேல் ஆந்த்ரேயின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. கணவாய், ஆக்டோபஸ் உள்ளிட்ட நான்கு இனங்களுக்கு இரண்டு மணி நேரம் தாழ்ந்த அலைவரிசை ஒலியைக் கொடுத்தார்கள். அந்த மயிர்கள் சிதைந்துபோயின.

தமிழ்நாட்டில் தீபாவளி அன்று வெடிக்க அரசு கொடுக்கும் நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. மற்ற ஊர்களுக்கு வெடிச் சத்தம் ஆண்டுக்கு ஒரு நாள், அதிலும் இரண்டு மணி நேரம். நாட்டின் பட்டாசில் பெரும்பங்கைச் செய்யும் இந்த வட்டாரத்துக்கு அப்படியில்லை. எங்கோ ஓர் ஆலையில் விபத்து என்றால் பல கிலோமீட்டருக்கு ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தச் சத்தம் கேட்டதும் இங்குள்ள குடும்பங்கள் முதலில் எதை நினைத்துப் பதறும் என்பது தெரியும். அதோடு ஒப்பிட்டால் ஆக்டோபஸின் துன்பம் சிறியது. ஆனால், அது தானாக இங்கே வரவில்லை. நாம் கொண்டுவந்தால்தான் வரும்.

பெட்டிச் செய்தி: சங்குக்குள் வீடு

பாக் நீரிணைக் கடலோர மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்க வலை போடத் தேவையில்லாத ஒரு முறையை வைத்திருந்தார்கள். விரல் விரலாக முள் நீண்ட ஐவிரல் சங்கின் ஓடுகளை நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலில் இறக்குவார்கள். ஒளிந்துகொள்ள இடம் தேடும் ஆக்டோபஸ் ஓட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும். கயிற்றை இழுத்து, ஓட்டோடு எடுத்து, தூண்டிலில் இரையாகக் கோப்பார்கள். இருட்டான ஒரு பொந்து இல்லாமல் ஆக்டோபஸ் அமைதியாக இருக்காது என்பதை அவர்கள் கண்டுகொண்டதால் வந்த முறை இது. நாலாப் பக்கமும் வெளிச்சம் விழும் கண்ணாடித் தொட்டி அதன் இயல்புக்கு எவ்வளவு எதிரானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

தாயின் கடைசி நாட்கள்

டெரன்ஸ் கதையில் பலர் கவனிக்காமல் கடந்துபோன பகுதி இது. பெரும்பாலான இனங்களில் பெண் ஆக்டோபஸ் வாழ்வில் ஒரே ஒரு முறைதான் முட்டையிடும். ‘பொது ஆக்டோபஸ்’ என்ற இனத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் இடும். அரிசி மணி அளவுள்ள முட்டைகளைச் சரம் சரமாகப் பொந்தின் கூரையில் தொங்கவிட்டு, அதைவிட்டு நகராமல் உட்காரும். அழுக்குப் படியாமல் கைநுனியால் தடவிக்கொண்டே இருக்கும். நல்ல நீர் படுவதற்காக ஊதிக்கொண்டே இருக்கும். இரை எடுப்பதை நிறுத்திவிடும். தோல் வெளிறும். கண் குழியும். குஞ்சுகள் வெளியேறும் நேரத்தில் தாய் இறந்துவிடும்.

இதற்குக் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பி காரணம் என்று ஜெரோம் வோடின்ஸ்கி 1977இல் காட்டினார். முட்டையிட்ட தாயிடமிருந்து அந்தச் சுரப்பியை எடுத்ததும், அது அடைகாப்பதை விட்டு மறுபடி உண்ண ஆரம்பித்தது, இன்னும் சில மாதங்கள் வாழ்ந்தது. ஆண்களும் இனச்சேர்க்கைக்குப் பிறகு நெடுநாள் இருப்பதில்லை.

வீட்டில் வைத்தால் இதுதான் நடக்கும். வலையில் சிக்கும் ஆக்டோபஸ் பெரும்பாலும் வளர்ந்தது. ஆயுளில் பாதிக்கு மேல் கடலில் முடித்துவிட்டுத்தான் நம் கைக்கு வரும். அதற்குப் பெயர் வைத்துப் பழகி, கையை நீட்டினால் வந்து தொடுகிற அளவுக்கு நெருங்கும் மாதத்தில் அது கண் குழிந்து சாகத் தொடங்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குஞ்சுகளும் தப்பாது. பொது ஆக்டோபஸ் போன்ற இனங்களின் குஞ்சுகள் பிறந்து பல வாரங்கள் கடல் மேற்பரப்பில் மிதவை உயிர்களோடு மிதந்தே வளரும். மூன்றடித் தொட்டியில் அந்தக் கடலுக்கு எங்கே போவது?

சட்டம் என்ன சொல்கிறது?

1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம், மனிதன் நீங்கலாக எல்லா உயிரையும் ‘விலங்கு’ என்றே சொல்கிறது. ஆக்டோபஸும் அதற்குள் வரும். ஆக்டோபஸுக்குப் பொந்து கட்டத் தொட்டியில் அடுக்கும் பவளப்பாறையில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளவை. ‘அழகாக இருக்கிறதே’ என்று கடலிலிருந்து ஒரு பவளக் கல்லை எடுத்து வருவதும் குற்றம்.

மற்ற நாடுகள் இன்னும் முன்னே போய்விட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2010இலேயே ஆய்வுக்கூடச் சோதனை விதிகளில் ஆக்டோபஸ் வகைகளைச் சேர்த்தது. வலி உணரும் உயிர் என்று பிரிட்டன் 2022இல் சட்டத்திலேயே எழுதியது. வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் 2024இல் ஆக்டோபஸ் பண்ணைக்குத் தடை போட்டன. வளர்த்து விற்பதையே தடுக்கிற காலத்தில், வலையிலிருந்து எடுத்து வரவேற்பறையில் வைக்க நாம் ஆசைப்படக் கூடாது என்பது என் கருத்து.

இன்னொரு எச்சரிக்கை. இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் ஆழமில்லாத பகுதிகளில் நீலவளைய ஆக்டோபஸ் என்ற சிறிய இனம் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும். கடித்தால் வலிகூடத் தெரியாமல் இருக்கலாம். அதன் நஞ்சு மூச்சை நிறுத்திவிடும். மாற்று மருந்து கிடையாது. தெரியாத ஆக்டோபஸை வெறும் கையால் தொடவே கூடாது.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

‘மை ஆக்டோபஸ் டீச்சர்’ படத்தின் கிரெய்க் ஃபாஸ்டர், தென்னாப்பிரிக்கக் கடலில் அந்த ஆக்டோபஸைத் தினமும் போய்ப் பார்த்தார். ஒரு நாளும் வீட்டுக்கு எடுத்து வரவில்லை.

நமக்கும் கடல் தூரமில்லை. சிவகாசியிலிருந்து தூத்துக்குடிக்குச் சுமார் 100 கிலோமீட்டர்தான். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆன இடம். தீவுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. ஆனால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. அங்கே கடல் உயிர்க் காட்சியகமும் உண்டு. பொதுமக்கள் போகக்கூடிய கரைகளில், நீர் வற்றும் நேரத்தில் பாறைக் குழிகளைப் பொறுமையாகப் பாருங்கள். ஒரு பொந்தின் வாசலில் நண்டு ஓடுகளும் சிப்பி ஓடுகளும் சிதறிக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கலாம். கையை விடாதீர்கள். நிழல் விழாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள். முதலில் ஒரு கண் தெரியும்.

கடல் தொட்டிதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. கோமாளி மீனைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை அதே நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. கடலிலிருந்து பிடிக்காத, பண்ணையில் பிறந்த மீனா என்று கேட்டு வாங்குங்கள். இன்வெர்ட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஏற்கெனவே ஆக்டோபஸ் வாங்கிவிட்டவர்கள் கண்மாயிலோ கிணற்றிலோ விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நன்னீரில் அது சீக்கிரமே செத்துவிடும். மூடியில் சிறு இடுக்குகூட விடாமல் இறுக்குங்கள். இருட்டான பொந்து ஒன்று வையுங்கள். தாமிர மருந்து கலக்காதீர்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்ற இடங்களில் விவரம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

அக்கா மகனின் தொட்டியில் இப்போது கப்பிகள்தான் நீந்துகின்றன. வரும் பள்ளி விடுமுறையில் அவனை மண்டபத்துக்கு அழைத்துப் போகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் இதே கேள்வியைக் கேட்டால் அழைத்துப் போங்கள். கடையில், ‘ஆர்டர் சொன்னா ஆக்டோபஸ் எறக்கித் தரேன்’ என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.